வாசகர் கேள்வி பதில்: முதலில் செடி, பிறகு நாடு

கேள்வி: தாவரவியலில் நான்கு வருடச் சிறப்புப் பட்டம் முடித்துவிட்டேன். அயனமண்டலத் தாவரங்களின் பாகுபாட்டியலிலும் கூர்ப்பிலும் கலாநிதிப் பட்டம் செய்ய விருப்பம். எந்த நாட்டுக்கு விண்ணப்பிக்கலாம்? (வாசகி, வந்தாறுமூலை)

பதில்: நாடு இருக்கட்டும், எந்தத் தாவரச் சாதியில் (ஜீனஸ், நெருங்கிய இனங்களின் கூட்டம்) வேலை செய்யப் போகிறீர்கள்? இத்துறையில் ஆட்கள் செடி வாரியாகத்தான் பிரிந்திருக்கிறார்கள். இரண்டு மூன்று சாதிகளைத் தெரிவுசெய்து, கடந்த பத்து வருடக் கட்டுரைகளை எடுத்து, திரும்பத் திரும்ப வரும் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் இருக்கும் இடந்தான் உங்கள் நாடு.

சாதியின் அளவைக் கவனியுங்கள். முந்நூறு இனம் உள்ள சாதியை நாலு வருடத்தில் முடிக்க முடியாது. பத்து முதல் நாற்பது இனம் வரை, அதில் சில நம் பக்கமே வளர்வதாக இருந்தால் நல்லது. இங்கே விஷயத்துக்குப் பஞ்சமில்லை. இலங்கைத் தாவரங்களின் திருத்திய கைநூல் 1980 முதல் 2006 வரை 15 தொகுதிகளாக வந்தது. டிஎன்ஏ ஆய்வு பரவுவதற்கு முன் எழுதிய பகுதிகள் அதில் நிறைய. வாவிக்கரைக் கண்ணாவை (அவிசேனியா) முன்பு தனிக் குடும்பமாகவோ வெர்பினேசியிலோ வைத்தார்கள், இப்போது அது அகாந்தேசியில் இருக்கிறது. காட்டில் நிற்கும் வீரை யூபோர்பியேசியை விட்டு புத்ரஞ்சிவேசிக்குப் போய்விட்டது. கண்டலில் ரைசோபோரா அபிகுலாட்டாவும் மியூக்ரோனாட்டாவும் கலந்த கலப்பினம் தமிழ்நாட்டின் பிச்சாவரத்தில் அறியப்பட்டது. இரண்டு பெற்றோரும் சேர்ந்து நிற்கும் கரை எதுவானாலும் அங்கே கேள்வி இருக்கிறது.

அடுத்தது பணம். ஜெர்மனி, நெதர்லாந்து போன்ற இடங்களில் கலாநிதி ஆய்வு பெரும்பாலும் சம்பளத்துடன் கூடிய வேலையாக விளம்பரமாகும். அந்த விளம்பரத்துக்கு என்றே கடிதம் எழுத வேண்டும். ஜெர்மனிக்கு டிஏஏடி (ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவை) புலமைப்பரிசிலும் உண்டு. அமெரிக்காவில் துறைக்கு விண்ணப்பிப்பீர்கள். கற்பித்தல் உதவியாளர் பதவி செலவைத் தாங்கும், முதுமாணி கட்டாயமில்லை, முடிவுத் திகதி அநேகமாக டிசம்பர். அதற்கு முன்பே மேற்பார்வையாளரிடம் பேசி வைத்திருக்க வேண்டும். சீனாவின் சிஷுவாங்பன்னா அயனமண்டலத் தாவரவியல் பூங்கா இத்துறையில் பலமான இடம். அங்கே போக ஏஎன்எஸ்ஓ (பன்னாட்டு விஞ்ஞான அமைப்புகளின் கூட்டணி) புலமைப்பரிசிலைப் பாருங்கள். ஊரை விட்டு அதிக தூரம் போக முடியாதென்றால் பேராதனை விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் இருக்கிறது. உலர்த்திய தாவர மாதிரிகளைக் காக்கும் தேசிய ஹேர்பேரியமும் பேராதனைத் தாவரவியல் பூங்காவிலேயே.

மின்னஞ்சல் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. எந்தச் சாதி, என்ன கேள்வி, கையில் என்ன மாதிரிகள், எந்த நிதிக்கு முயல்கிறீர்கள் என்ற நான்கும் இருந்தால் போதும். “எந்தத் தலைப்பானாலும் சம்மதம்” என்று எழுதுவது பணிவாகத் தெரியலாம். வாசிப்பவருக்கோ நீங்கள் இன்னும் எதையும் பார்க்கவில்லை என்றுதான் படும்.

கேள்வி: என்னுடையது மூன்று வருடப் பொதுப் பட்டம். எனக்கு வழி உண்டா? (வாசகர், சம்மாந்துறை)

பதில்: உண்டு, ஒரு படி கூட. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பொதுப் பட்டம் மட்டம் 5, சிறப்புப் பட்டம் மட்டம் 6. இடையில் ஆய்வு சேர்ந்த முதுமாணி (மட்டம் 10) அல்லது முதுதத்துவமாணி (மட்டம் 11) செய்யுங்கள். பாடநெறி மட்டுமே உள்ள மட்டம் 9 முதுமாணிக்குக் காசு கட்டிவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் அதிகம். ஆய்வு செய்யத் தெரியும் என்பதற்கு அதில் அத்தாட்சி இல்லை.

கேள்வி: மாரியில் சேகரித்த கண்டல் மாதிரிகள் பூஞ்சணம் பிடித்துவிட்டன. அதே செடிகளில் எடுத்த டிஎன்ஏ மண்ணிறமாக, ஒட்டும் பசைபோல வந்தது. எங்கே பிழை? (வாசகர், வாழைச்சேனை)

பதில்: முதலாவது காற்றோட்டப் பிழை. நவம்பர் முதல் ஜனவரி வரை இங்கே காற்றே ஈரம். வெறும் சூட்டால் பலனில்லை, தாளுக்குள்ளிருந்து ஈரம் வெளியேற வேண்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் இடையில் நெளி அட்டை வைத்து, நெளிவுகள் எல்லாம் ஒரே திசையில் பார்க்க அடுக்கி, அடியில் இரண்டு 60 வாட்ஸ் குண்டு பல்புகள் எரியும் பெட்டியின் மேல் நிமிர்த்தி வையுங்கள். 45 முதல் 50 பாகை போதும், கூடினால் இலை நொறுங்கும். முதல் மூன்று நாள் காலையும் மாலையும் பத்திரிகைத்தாளை மாற்றுங்கள். கண்டலின் நீண்ட முளைக்காயை நெடுக்காகப் பிளக்காவிட்டால் உள்ளேயிருந்து அழுகும். ஒட்டும் தாள் ஏறத்தாழ 42 x 29 செ.மீ. என்பதால் கிளையை அதற்குள் அடங்க V போல மடியுங்கள். அவசரத்துக்கு மாதிரியை மதுசாரம் தெளித்துப் பொலித்தீன் பையில் கட்டி வைக்கலாம். ஆனால் அப்படி வைத்த இலையில் டிஎன்ஏ கெட்டுவிடும்.

அதனால் டிஎன்ஏவுக்கு வேறு இலை. அழுத்துவதற்கு முன்பே இளம் இலையில் 5 செ.மீ. துண்டு வெட்டி, உப்பைத் துடைத்து, தேயிலைப் பை போன்ற தாளில் இட்டு, இலையின் எடையைப் போலப் பத்து மடங்கு சிலிக்கா ஜெல்லில் புதையுங்கள். மறுநாள் இலை மொறுமொறுவென்று உடைய வேண்டும். வளைந்தால் சிலிக்காவை மாற்றுங்கள். மண்ணிறத்துக்குக் காரணம் பொலிபீனோல்கள், அவை ஒட்சியேறி டிஎன்ஏயுடன் பிணைகின்றன. பசைக்குக் காரணம் பல்சக்கரைட்டுகள். இலைத்தூளை முதலில் சோர்பிட்டோல் கரைசலால் இரண்டு தடவை கழுவி, டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும் சிடிஏபி கரைசலில் பொலிபீனோலைப் பிடிக்கும் பிவிபியை 2% சேர்த்து, ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் பீட்டா மெர்கப்டோஎதனோலை அன்றன்றே ஊற்றுங்கள். ஒளி உறிஞ்சலின் 260/230 (நானோமீற்றர்) விகிதம் 1க்குக் கீழே என்றால் டிஎன்ஏ இன்னும் அழுக்கு. டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் வேலை செய்யாவிட்டால் பத்து மடங்கு ஐதாக்கிப் பாருங்கள், பாதித் தடவை அதிலேயே சரிவரும். கண்டல் காட்டுத் தில்லை மரத்தை வெட்டும்போது கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள், அதன் பால் பட்டால் மற்றதெல்லாம் மறந்துபோகும்.

கேள்வி: கல்லோயாக் காட்டில் மாதிரி எடுக்க யாரிடம் அனுமதி? (வாசகி, அக்கரைப்பற்று)

பதில்: காடு யாருடையது என்பதைப் பொறுத்தது. தேசிய பூங்காவுக்குள் வனசீவராசிகள் திணைக்களம், வன ஒதுக்கங்களில் வனத் திணைக்களம், தனியார் காணியில் உரிமையாளர். உலர்ந்த இலையானாலும் வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேறாக ஏற்றுமதி அனுமதி வேண்டும். நிதி வந்த பிறகு தொடங்கினால் அந்த வருடப் பூக்கும் காலம் போய்விடும்.

சேகரிப்பு இலக்கத்தை 1இல் தொடங்கி வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து போடுங்கள். 19ஆம் நூற்றாண்டில் பேராதனைப் பூங்காவை நடத்திய தாவரவியலாளர் ட்வெய்ட்ஸ் தன் சி.பி. (சிலோன் பிளாண்ட்ஸ்) இலக்கங்களை இனத்துக்கு ஒன்றாகப் போட்டார். வேறு வேறு இடத்தில், வேறு வேறு ஆண்டில் பறித்தவை ஒரே இலக்கத்தில் கிடக்கின்றன, ஆய்வாளர்கள் இன்றும் தலையைப் பிய்க்கிறார்கள். திகதி, ஜிபிஎஸ், உலர்ந்தால் மாறிப்போகும் பூவின் நிறம், அனுமதி இலக்கம் எல்லாம் லேபிளில் இருக்கட்டும். ஒரு செடியில் மூன்று பிரதியாவது எடுத்து, ஒன்றைப் பேராதனையில் வையுங்கள்.