பல வருடமாக ஒரே ஹோட்டலில் நடந்த அறிவியல் புனைகதை மாநாடு இடம் மாறுகிறது. முதல் முறை போகிறவர் இந்த வருடம் போகலாமா?

கேட்டிருப்பவர் இதுவரை எந்த ரசிகர் மாநாட்டுக்கும் போனதில்லை. போக நினைக்கும் மாநாடு பழைய ஹோட்டலை விட்டு வேறு ஹோட்டலுக்குப் போகிறது. வழக்கமாகப் போகிறவர்கள் "இனிமேல் அந்த மாதிரி இருக்காது" என்று புலம்புவதைப் பார்த்து, எல்லாம் செட்டிலாகட்டும், அடுத்த வருடம் பார்க்கலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம், இந்த வருடமே போங்கள். புதிதாக வருகிறவருக்கு இடம் மாறிய முதல் வருடத்தைப் போல வசதியான வருடம் கிடையாது.

இப்படிப்பட்ட மாநாடுகளில் பெரும்பாலானவற்றை நடத்துவது சம்பளம் வாங்காத ரசிகர்கள்தான். அவர்களில் பாதிப் பேர் ஒருவரையொருவர் பல காலமாக அறிந்தவர்கள். பழைய ஹோட்டலில் ஒவ்வொரு நண்பர் கூட்டத்துக்கும் ஒரு மூலை இருக்கும். லாபியில் இந்த சோபா இவர்களுடையது, பாரில் அந்த மேசை அவர்களுடையது என்று யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள், ஆனால் எல்லோருக்கும் தெரியும். புதிதாகப் போகிறவர் கழுத்தில் பேட்ஜை மாட்டிக்கொண்டு யாரிடம் பேசுவது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருப்பார். புது ஹோட்டலில் அந்த மூலைகளே இல்லை. முப்பது வருடமாக வருகிறவரும் கையில் வரைபடத்தோடு "டீலர்ஸ் ரூம் எந்தப் பக்கம்?" என்று, புத்தகமும் பொருட்களும் விற்கும் அறைக்கு உங்களிடம்தான் வழி கேட்பார். நான் போய்வரும் மாநாடு ஒன்று இடம் மாறிய வருடத்தில் எனக்குக் கிடைத்த நட்புகள்தான் இன்றைக்கும் நிலைத்திருக்கின்றன. பாதிப் பேச்சு வழி கேட்பதில் தொடங்கியதுதான்.

ஏன் மாறுகிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் உங்கள் பணம் அதில் சம்பந்தப்படுகிறது. மாநாட்டுக் குழு ஹோட்டலோடு ஒப்பந்தம் போடும்போது, எங்கள் ஆட்கள் இத்தனை அறைகளில் இத்தனை இரவு தங்குவார்கள் என்று உறுதி கொடுக்கும். அது நிறைவேறினால் கூட்ட அரங்குகள் இலவசமாகவோ குறைந்த வாடகைக்கோ கிடைக்கும். நிறைவேறாவிட்டால் பெரும்பாலான ஒப்பந்தங்களில் குழு அபராதம் கட்ட வேண்டியிருக்கும். அந்தப் பணம் வருகிறவர்கள் கட்டும் உறுப்பினர் கட்டணத்திலிருந்துதான் போகும். ஹோட்டல் கைமாறினாலோ, புதுப்பிக்க மூடினாலோ, அந்த வார இறுதிக்கு வேறு யாராவது அதிகம் கொடுக்க முன்வந்தாலோ மாநாடு வேறு இடம் தேட வேண்டியதுதான். 2021இன் உலக அறிவியல் புனைகதை மாநாடான டிஸ்கான் 3 வாஷிங்டனில் ஆகஸ்டில் நடக்க வேண்டியது. கொரோனா காலத்தில் அதன் முக்கிய ஹோட்டலே மூடப்பட்டுவிட்டது. கடைசியில் வேறு ஹோட்டலில், டிசம்பரில் நடந்தது. 1939இல் நியூயார்க்கில் சுமார் இருநூறு பேரோடு தொடங்கி, போர்க்காலத்தில் 1942 முதல் 1945 வரை நின்றுபோய், மறுபடி எழுந்த மாநாட்டுக்கே அந்த நிலைமை.

அதனால் அறை எடுப்பதாக இருந்தால் மாநாட்டுக்காரர்கள் தரும் இணைப்பு வழியாகவே எடுங்கள். வேறு தளத்தில் கொஞ்சம் மலிவாகக் கிடைத்தாலும் அந்த அறை குழுவின் கணக்கில் சேராமல் போகலாம். தவிர, அதே கட்டிடத்தில் தங்குவதற்கு ஈடே இல்லை. இரவு பத்து மணிக்குப் பேனல்கள், அதாவது மேடை விவாதங்கள், முடிந்தபிறகுதான் மாடியில் பார்ட்டிகளும், ஒரு அறையில் கிடாரோடு உட்கார்ந்து விண்வெளிக் கதைகளைப் பாட்டாகப் பாடும் ஃபில்க் கூட்டமும் தொடங்கும். தூரத்து அறைக்குத் திரும்ப வண்டி பார்க்க வேண்டியவர் அதையெல்லாம் பாதியில் விட்டுவிட்டுத்தான் கிளம்புவார்.

புது இடத்தில் கோளாறு வரும், நிச்சயமாக. முதலில் லிஃப்ட். எல்லாப் பேனலும் ஒரே நேரத்தில் முடிகிறது, அதில் பாதிப் பேருக்கு முதுகில் வேஷத்துக்கு மாட்டிய இறக்கை. அடுத்து சத்தம். பெரிய அரங்கை மடக்குச் சுவரால் இரண்டாகத் தடுத்திருப்பார்கள். ஒரு பக்கம் ஒரு எழுத்தாளர் மெல்லிய குரலில் கதை வாசித்துக்கொண்டிருக்க, மறு பக்கம் லேசர் வாள் சண்டைக்கு விசில் பறக்கும். நான் அப்படி ஒரு வாசிப்பில் உட்கார்ந்திருந்தேன். கதையில் ஒரு பாத்திரம் இறக்கும் இடத்தில் பக்கத்து அறையில் கைதட்டல். வாசித்தவரே சிரித்துவிட்டார். இதெல்லாம் இரண்டாம் வருடத்தில் சரியாகும். எந்த அறைக்கு எதைப் போடுவது என்று அனுபவத்தில்தான் தெரியும்.

நான் கவலைப்படுவது வேறு ஒன்றுக்கு. உட்கார இடம் இருக்கிறதா? கட்டிடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் லாபியில் நாற்காலி இல்லையென்றால் பேச்சு வளராது. அட்லாண்டாவின் டிராகன் கான் என்ற பெரிய ரசிகர் மாநாடு ஐந்து ஹோட்டல்களில் நடக்கிறது. அதில் மேரியட் மார்க்கீஸின் உள்முற்றம் கூரைவரை திறந்தே இருக்கும், எந்த மாடியில் நின்றாலும் கீழே வேஷக்காரர்களைப் பார்க்கலாம். கட்டிடமே மாநாட்டின் குணத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. உங்களுடையது அவ்வளவு பெரிதாக இருக்காது. ஆனால் கான் சூட் எங்கே என்று முதலில் கண்டுபிடியுங்கள். உறுப்பினர்கள் யார் வேண்டுமானாலும் வந்து எதையாவது கொறித்துக்கொண்டு உட்காரும் அறை அது. வெளிச் சாப்பாட்டை ஹோட்டல்கள் எளிதில் உள்ளே விடாது, குழு மல்லுக்கட்டித்தான் அனுமதி வாங்கியிருக்கும். தனியாக வந்தவர்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

வேஷம் போடுகிறீர்களா? முதல் நாள் சாயங்காலமே போய்க் கதவு அகலம், படிக்கட்டு, எஸ்கலேட்டர் எல்லாம் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பொம்மை ஆயுதங்களுக்கு என்ன விதி என்றும் படித்துவிடுங்கள், ஹோட்டல் மாறும்போது அதுவும் மாறியிருக்கலாம்.

அப்புறம், கொஞ்ச நேரம் தன்னார்வலராக நில்லுங்கள். முதல் வருடத்தில் ஆள் எப்போதும் பற்றாது, வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். பேட்ஜ் கொடுக்கும் மேசையில் நின்றால் வருகிறவர்கள் எல்லோரையும் பார்த்துவிடலாம்.

ஒரு நாள்தான் முடியும் என்றால் சனிக்கிழமை போங்கள். வேஷப் போட்டியும் பெரிய பார்ட்டிகளும் பெரும்பாலும் அன்றைக்குத்தான். ஞாயிறும் இருக்க முடிந்தால் கடைசியில் குறை சொல்வதற்கென்றே ஒரு கூட்டம் வைப்பார்கள், அதற்குப் போங்கள். ஹோட்டலோடு ஒப்பந்தம் பெரும்பாலும் பல வருடத்துக்குப் போட்டிருப்பார்கள் என்பதால், லிஃப்ட்டைப் பற்றியும் நாற்காலியைப் பற்றியும் அங்கே சொல்வதை யாராவது குறித்துக்கொள்வார்கள்.