பொது ஓய்வூதியத் திட்டம் இனியும் தேவையா?

தேவை என்பதுதான் என் உறுதியான பதில். வேலை செய்யும் காலத்தில் எல்லோரும் வருமானத்தில் ஒரு பங்கைக் கட்டிவர, முதுமையில் உயிருள்ளவரை மாதாமாதம் ஒரு தொகை தரும் அரசு ஏற்பாடு இது. ஜெர்மனியில் 1889-லும் அமெரிக்காவில் 1935-லும் சட்டமானது.

'நானே சேமித்துக்கொள்கிறேனே' என்பார்கள். சரி, எந்த வயதுவரைக்கும்? 70-ஆ, 95-ஆ? சிக்கலே அங்கேதான். எத்தனை நாள் என்று தெரியாத பயணத்துக்குத் தண்ணீர் எடுத்துப்போவது போல இது. தனியாகப் போகிறவர் மிக நீண்ட பயணத்துக்கானதைச் சுமக்க வேண்டும். நூறு பேர் சேர்ந்து போனால் ஆளுக்குச் சராசரி அளவு போதும். 82 வயதில் சேமிப்பு தீர்ந்து, மருந்துச் சீட்டில் எந்த மாத்திரையை விடலாம் என்று விரலால் தேடுபவரிடம் 'இன்னும் சேமித்திருக்கலாம்' என்று சொல்ல எனக்கு மனம் வராது.

முதியவர்கள் பெருகும்போது பங்களிப்பையோ ஓய்வு வயதையோ மாற்ற வேண்டிவரும். கூரை ஒழுகினால் ஓடுகளை மாற்றுவோம், வீட்டை இடிக்க மாட்டோம்.

அப்புறம், 'நிதி தீர்ந்தால் ஒன்றுமே கிடைக்காது' என்பது தவறு: பல நாடுகளில் இன்று உழைப்பவர்களின் பங்களிப்பிலிருந்தே இன்றைய ஓய்வூதியம் போகிறது, ஆகவே இருப்பு கரைந்தால் தொகை குறையலாமே தவிர அடியோடு நின்றுவிடாது.