பழைய மேடேக் ரிங்கர் மெஷின்: மோட்டார் ஓடுகிறது, துடுப்பு ஏன் அசையவில்லை?

கேள்வி: கனடாவில், ஒன்டாரியோவில் இருக்கிறோம். ஒரு பண்ணை வீட்டு ஏலத்தில் பழைய மேடேக் வாஷிங் மெஷினை வாங்கி வந்தேன். சதுரமான அலுமினியத் தொட்டி, நான்கு கால், மேலே துணி பிழிய இரண்டு ரப்பர் உருளைகள் (இதைத்தான் ரிங்கர் என்கிறார்கள்). பிளக்கைச் செருகினால் மோட்டார் ஓடுகிறது. ஆனால் தொட்டிக்குள் இருக்கும் துடுப்பு அசையவே இல்லை. இதைச் சரிசெய்து நிஜமாகவே துணி துவைக்க முடியுமா? ஐந்து வயது மகள் இருக்கிறாள், அதனால் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

பதில்: துவைக்க முடியும். ஆனால் இதைப் படித்து முடிக்கும் வரை அந்த பிளக்கை மறுபடி செருக வேண்டாம்.

உங்கள் மெஷினின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பழுதை நீங்களே பாதி கண்டுபிடித்துவிடலாம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

துணி துவைக்க இயந்திரம் செய்ய வந்த எல்லோரையும் ஒரே சிக்கல்தான் படுத்தியது. துணியை ஒரே பக்கமாகச் சுற்றினால் கயிறு போல முறுக்கிக்கொள்ளும். தண்ணீரும் துணியோடு சேர்ந்தே சுற்றும், அழுக்கு போகாது. துணி ஒரு பக்கம் போகும்போது தண்ணீர் அதற்கு எதிராக வர வேண்டும். அதாவது இப்படியும் அப்படியும் மாறி மாறித் திருப்ப வேண்டும். சிகாகோவின் ஹர்லி நிறுவனம் 'தோர்' என்ற மெஷினில் துளை போட்ட உருளையைப் படுக்கையாக வைத்துத் திசை மாற்றி மாற்றிச் சுழற்றியது. அதன் இயக்க அமைப்புக்கு 1910-ல் ஆல்வா ஃபிஷர் காப்புரிமை பெற்றார். மின்சார வாஷிங் மெஷினையே அவர்தான் கண்டுபிடித்தார் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது சரியில்லை, அதற்கு முன்பே மின்சார மெஷின்கள் விற்பனைக்கு வந்துவிட்டன.

மேடேக் வேறு வழியில் போனது. அமெரிக்காவில் அயோவா மாநிலத்து நியூட்டன் என்ற சிற்றூரில், கதிரடிக்கும் இயந்திரங்களுக்கு உறுப்புகள் செய்வதற்காக 1893-ல் தொடங்கிய நிறுவனம் அது. 1907-ல் முதல் சலவை மெஷினைச் செய்தார்கள். மரத் தொட்டி, கையால் சுற்றும் பிடி, மூடியிலிருந்து தலைகீழாகத் தொங்கும் ஒரு கட்டை, அதில் முளைக்குச்சிகள். குச்சிகள் துணியைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்து அலசும். துணியும் கிழியும். 1919-ல் தொட்டியை அலுமினியத்தில் ஒரே வார்ப்பாக வார்த்தார்கள். 1922-ல் வந்ததுதான் பெரிய மாற்றம். மேலே தொங்கிய அந்தக் கட்டையை எடுத்துவிட்டு, தொட்டியின் அடியிலிருந்து நிமிர்ந்து நிற்கும் துடுப்பை வைத்தார்கள். ஹோவர்ட் ஸ்னைடர் என்பவரின் வேலை அது. 'கைராஃபோம்' என்று பெயர் வைத்து விற்றார்கள்.

கட்டையை மேலிருந்து கீழே கொண்டுவந்ததில் அப்படி என்ன இருக்கிறது என்று தோன்றலாம். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த மாற்றம் இதுதான். பழைய கட்டை துணியை இழுத்தது. இந்தத் துடுப்பு தண்ணீரைத் தள்ளுகிறது, தண்ணீர் துணிக்குள் புகுந்து போகிறது. அடியில் வெளிப்பக்கமாகத் தள்ளப்படும் தண்ணீர் தொட்டிச் சுவரில் மோதி மேலே ஏறி, நடுவில் மறுபடி கீழே இறங்கும். துணியும் அந்த ஓட்டத்தில் மேலும் கீழுமாகப் போய்வரும். சதுரத் தொட்டிக்கும் இதில் பங்கு உண்டு. தண்ணீர் வெறுமனே வட்டமடிக்காமல் மூலைகள் தடுத்து உடைத்துவிடும்.

சரி, மோட்டார் ஒரே திசையில்தானே சுற்றுகிறது, துடுப்பு எப்படி மாறி மாறித் திரும்புகிறது? பழைய தையல் மெஷினை நினைத்துப் பாருங்கள். கால் மிதி முன்னும் பின்னும் ஆடும், ஒரு நீளமான கம்பி அந்த ஆட்டத்தைச் சக்கரத்தின் சுழற்சியாக மாற்றும். இங்கே அதே கதை தலைகீழ். தொட்டிக்கு அடியில் உள்ள கியர்பெட்டியில் ஒரு பல்சக்கரம் சுற்றும். அதன் ஓரத்தில் உள்ள முளையில் மாட்டிய கனெக்டிங் ராடு ஒரு பற்பட்டையை முன்னும் பின்னும் தள்ளும். அந்தப் பட்டையின் பற்கள் துடுப்புத் தண்டில் உள்ள பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தில் கடித்துக்கொண்டிருக்கும். பட்டை முன்னால் வந்தால் துடுப்பு ஒரு பக்கம் திரும்பும், பின்னால் போனால் மறுபக்கம். மோட்டார் நிமிடத்துக்கு 1725 சுற்று சுற்றும். அதைக் குறைத்துக் குறைத்து, நிமிடத்துக்கு ஐம்பது அறுபது வீச்சாகத் துடுப்புக்குக் கொடுப்பதும் அதே பெட்டிதான்.

இனி உங்கள் பழுதுக்கு வருவோம். பிளக் கழன்றிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, மெஷினுக்கு அடியில் உள்ள பெரிய கப்பியைக் கையால் சுற்றிப் பாருங்கள். அதற்கு முன் துடுப்பை இயக்கும் குமிழ் ஓடும் நிலையில் இருக்க வேண்டும். அதை மறந்துவிட்டு மெஷினையே பிரித்துப் போட்டவர்கள் உண்டு. கப்பி சுற்றி, துடுப்பும் அசைந்தால் பெல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது காய்ந்து வழுக்குகிறது. புது பெல்ட் போட்டால் வேலை முடிந்தது. கப்பி நகரவே இல்லை என்றால் உள்ளே இருக்கும் பழைய கிரீஸ் மெழுகு போல இறுகியிருக்கும், அல்லது துரு பிடித்திருக்கும். அப்போது மோட்டார் ஓடுவது போலத் தெரிந்தாலும் பெல்ட் வழுக்கிக்கொண்டுதான் இருக்கும். கியர்பெட்டியைத் திறந்து மண்ணெண்ணெயில் கழுவி, பற்களைப் பார்த்து, புதிதாக நிரப்ப வேண்டும். வடியும் எண்ணெய் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் நடுத்தண்டின் சீல் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. சீலையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் சில மாதத்தில் மறுபடி இதே வேலை.

கப்பி லேசாகச் சுற்றுகிறது, துடுப்பு மட்டும் அசையவில்லையா? துடுப்பைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே தண்டு திரும்பினால், தண்டைப் பிடித்துக்கொள்ளும் துடுப்பின் உள்வரிகள் தேய்ந்துவிட்டன. தண்டும் திரும்பவில்லை என்றால் கிளட்ச் பழுது. சில மெஷின்கள் பெல்ட் இல்லாமல் மோட்டாரோடு நேராகப் பூட்டியவை. உங்களுடையது அப்படி இருந்தால் முதலில் அந்த இணைப்பைப் பாருங்கள்.

துடுப்பைக் கழற்றுவதுதான் பலரை அழவைக்கும். எஃகுத் தண்டில் அலுமினியத் துடுப்பு பல வருடம் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தால் வெள்ளையாகப் பூத்துப் பிடித்துக்கொள்ளும். கடப்பாரையைப் போட்டு நெம்பாதீர்கள், வார்ப்புத் தொட்டி விரிசல் விட்டுவிடும். நன்றாகக் கொதித்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றி அரைமணி நேரம் விடுங்கள். சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், பிடி தளரும். துடுப்பின் அடியில் கயிற்றைச் சுற்றி நேராக மேலே இழுங்கள். வரவில்லை என்றால் துரு நீக்கும் எண்ணெய் விட்டு மறுநாள் மறுபடி. இதற்குப் பொறுமை ஒன்றே வழி.

அடுத்தது மின்சாரம். அந்தக் காலத்து ஒயரின் ரப்பர் உறை இப்போது தொட்டாலே உதிரும். பிளக்கில் இரண்டு கால்தான், எர்த் கிடையாது. உலோகத் தொட்டி நிறையத் தண்ணீர், காலடியில் ஈரமான அடித்தளத் தரை. உறை எங்காவது விட்டிருந்தால் மின்சாரம் உங்கள் உடம்பு வழியாகத்தான் போகும். மூன்று கம்பி ஒயர் போட்டு, எர்த்தை மோட்டார் உடலிலும் மெஷின் சட்டத்திலும் இறுக்கி, ஜி.எஃப்.சி.ஐ. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) வைத்த சாக்கெட்டில் மட்டும் ஓட்டுங்கள். மோட்டாரின் மின்காப்பை ஒரு எலக்ட்ரீஷியன் சோதித்துப் பார்க்கட்டும். பழைய மோட்டார் தேறாவிட்டால் வருந்த வேண்டாம். 1930-களின் நடுவில் அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்றில்தான் மின்சாரம் இருந்தது. மற்றவர்களுக்காக மேடேக் இதே தொட்டிக்கு அடியில் காலால் உதைத்துக் கிளப்பும் பெட்ரோல் எஞ்சினை வைத்து விற்றது. மோட்டாரோ எஞ்சினோ எது வந்தாலும் பூட்டிக்கொள்ளும் அமைப்பு என்பதால் மாற்றுவது கஷ்டமில்லை.

இப்போது உங்கள் மகளைப் பற்றி. மேலே உள்ள அந்த இரண்டு உருளைகளும் கரும்பு ஜூஸ் மெஷினைப் போலத்தான். ஸ்பிரிங் அழுத்தத்தோடு ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு சுற்றும். துண்டுக்கும் கைக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. விரல் நுனி போனால் கையே போகும். சிறு பிள்ளைகளுக்கு முழங்கை வரை, சில நேரம் அக்குள் வரை போயிருக்கிறது. அங்கே நின்ற பிறகும் உருளை சுற்றிக்கொண்டே தோலை உரிக்கும். இந்தக் காயத்துக்கு அமெரிக்க மருத்துவர்கள் தனிப் பெயரே வைத்திருந்தார்கள். அதனால்தான் உருளைத் தலையில் ஒரு விடுவிப்புக் கட்டை வைத்தார்கள். அதைத் தட்டினால் அழுத்தம் அந்த நொடியே விட்டுப்போக வேண்டும். பழைய மெஷின்களில் அந்தக் கட்டை துருவேறி இறுகியிருப்பது சகஜம். பிளக் கழன்ற நிலையில், உருளைகளுக்கு நடுவே தடித்த துண்டைச் செருகி, ஒற்றைக் கையால் லேசாகத் தட்டிப் பாருங்கள். டக்கென்று திறக்காவிட்டால் உருளையை ஓட்டவே கூடாது.

திறந்தாலும் உங்களுக்கு என் ஆலோசனை வேறு. மகள் வளரும் வரை உருளைத் தலையைக் கழற்றித் தனியாக வைத்துவிடுங்கள். துவைப்பதை இந்த மெஷினில் செய்து, பிழிய உங்கள் வீட்டு மெஷினின் ஸ்பின்னைப் பயன்படுத்துங்கள். பாகங்களைத் தொலைத்துவிடாதீர்கள், அது நல்ல வேலைப்பாடு. உருளைத் தலை தொட்டிக்கு மேலிருந்து அலசும் தொட்டிப் பக்கம் திரும்பி நிற்கும், பிழிந்த தண்ணீர் வந்த தொட்டிக்கே வழிந்துபோகும். பெரியவர்கள் மட்டும் இருக்கும்போது ஓட்டினால் பொத்தான்களை உள்பக்கமாக மடித்துவிடுங்கள்.

முதல் ஓட்டத்துக்கு நல்ல துணி வேண்டாம், நான்கு பழைய துண்டுகள் போதும். நுரை அதிகம் வராத சோப்புத் தூள், வெதுவெதுப்பான தண்ணீர், பத்து நிமிடம். அந்தக் கால வழக்கப்படி ஒரே தண்ணீரில் முதலில் வெள்ளைத் துணி, பிறகு நிறத் துணி, கடைசியில் வேலைக்குப் போட்ட அழுக்குத் துணி என்று மூன்று தடவை துவைக்கலாம். தண்ணீரை வடித்ததும் துடுப்பைக் கழற்றி, தண்டைத் துடைத்து, துளி கிரீஸ் தடவுங்கள். உருளை மாட்டியிருந்தால் அழுத்தத்தைத் தளர்த்திவிடுங்கள், இல்லாவிட்டால் ரப்பர் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். மூடியைத் திறந்தே வைத்து உலர விடுங்கள்.