மலைப்பாதையைப் பேணுவோருக்கு எப்படித் துணை நிற்பது?

கேள்வி: விடுமுறை நாள்களில் நான் நடந்துவரும் மலைப்பாதைகளைத் தன்னார்வலர்களே அமைத்துச் சீர்செய்து வருகிறார்கள் என்பதை அண்மையில்தான் அறிந்தேன். முதுகுவலி இருப்பதால் என்னால் மண்வெட்டி பிடித்து வேலை செய்ய இயலாது. நன்கொடை அளித்தால், அதைப் புதிய பாதைக்கென்று அளிப்பதா, பழைய பாதையைப் பேணுவதற்கா? வேறு வகையிலும் உதவ முடியுமா?

பதில்: பழைய பாதையைப் பேணுவதற்கு என்று குறிப்பிட்டே கொடுங்கள். புதிய பாதைக்கு ஆர்வத்தோடு முன்வருபவர்கள் பலர். அது திறக்கப்பட்ட பின் ஆண்டுதோறும் திரும்பி வருபவர்கள் மிகச் சிலரே என்பதுதான் வருத்தம் தரும் நிலை. அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதையைப் பாருங்கள். 1921-இல் பெண்டன் மெக்கே முன்மொழிந்த அப்பாதை 1937-இல் நிறைவடைந்தது. 14 மாநிலங்களின் வழியே ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் செல்லும் அதனைத் தன்னார்வக் கழகங்கள் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு இன்றுவரை பேணி வருகின்றன.

இந்த வேலை ஏன் ஓய்வதில்லை என்றால், மழைநீர் ஓய்வதில்லை. பாதைக்குள் புகுந்த நீர் வெளியேற வழியின்றிப் பாதை நெடுகவே ஓடினால் மண்ணை அரித்துப் பள்ளமாக்கிவிடும். பள்ளத்தையும் சேற்றையும் தவிர்க்க நடப்பவர்கள் ஓரமாக ஒதுங்க, செடிகள் மிதிபட்டுப் பாதை அகன்றுகொண்டே போகும். அதனால்தான் பாதையின் வெளிவிளிம்பைச் சற்றே தாழ்த்தி வெட்டுகிறார்கள். சரிவு மிகுந்த இடங்களில் கல்லையோ மரத்தண்டையோ பாதையின் குறுக்கே சாய்வாகப் பதித்து நீரை வெளியே திருப்புகிறார்கள். அவற்றின் பின்னால் வண்டலும் சருகும் அடைந்துவிட்டால் நீர் மேலேறிக் கடந்து மறுபடியும் பாதையிலேயே ஓடும். உரிய காலத்தில் சிறிது நேரத்தில் வாரி அப்புறப்படுத்தக்கூடிய அந்த வண்டல், சில மழைக்காலங்கள் கவனிக்கப்படாமல் கிடந்தால் பாதையையே திரும்ப அமைக்கும் நிலைக்குக் கொண்டுபோய்விடும்.

உங்கள் கண்களும் கால்களும் பயன்படும் இடம் இதுவே. மழை ஓய்ந்த பின் நடந்து சென்று, அடைபட்ட வடிகால், சாய்ந்த மரம், பெயர்ந்த படிக்கல் ஆகியவற்றைப் படமெடுத்து, இருக்குமிடத்தோடு குழுவினருக்குத் தெரிவியுங்கள். அவர்களைக் கேளாமல் நீங்களாகக் கற்களை நகர்த்தவேண்டாம். கருவிகளைப் பராமரித்தல், பணிநாள்களை ஒருங்கிணைத்தல், நில உரிமையாளர்களிடம் அனுமதி பெறக் கடிதம் எழுதுதல் போன்ற வேலைகளுக்கும் ஆள் தேவைப்படும். கையில் சேறு படும் வேலையைப்போலவே இவையும் பாதைப் பணியே. குழுவினரிடம் ஒரு சிறு பகுதியைக் கேட்டுப் பெற்று, அதை மட்டும் ஒவ்வொரு பருவமும் தவறாமல் பார்த்து வாருங்கள்.