ஆல்ப் டுயெஸ்: இறங்கித் தள்ளிய வளைவுகள் (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணா,

மலைப்பாதை டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த பந்தயம்) பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த தைரியத்தில் இந்த வருடம் பிரான்சில் ஆல்ப் டுயெஸ் நெடுந்தூரப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தேன். எனக்கு 41 வயது, எடை 84 கிலோ. சொந்த ஊர் நாமக்கல் பக்கம், வேலை நெதர்லாந்தில் ஐந்தோவனில். தட்டையான பாதையில் அரை அயர்ன்மேன் தூரத்தை (1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 சைக்கிள், 21 ஓட்டம்) 5 மணி 40 நிமிடத்தில் முடித்தவன். இங்கே மொத்தம் பத்தரை மணி நேரம் ஆகிவிட்டது. ஏரியில் நீச்சல் நன்றாகவே போனது. முதல் மலையில் மிதிக்கும் சக்தியை 230 வாட்டில் வைத்து நிறையப் பேரைத் தாண்டினேன். ஆல்ப் டுயெஸ் ஊருக்குப் போகும் கடைசி ஏற்றத்தில் மூன்றாவது வளைவிலேயே கால் கழன்ற மாதிரி ஆகி, சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளினேன். மொத்தம் மூன்று இடத்தில் தள்ளியிருப்பேன். வெட்கமாக இருந்தது. அலுவலகத்தில் ஒரு டச்சு நண்பர், "நம்மைப் போல் தட்டை ஊரில் இருக்கிற கனமான ஆட்களுக்கு மலை ஒத்துவராது, விட்டுவிடு" என்கிறார். என் பயிற்சி போதாதா, உடம்பே சரியில்லையா? அடுத்த வருடம் திரும்பப் போகலாமா?

சைக்கிள் விவரம்: முன்னால் 52/36 பல், பின்னால் 11-28. வழியில் ஐந்து ஜெல் (பந்தயத்தில் சாப்பிடும் மாவுச்சத்துக் கூழ்) சாப்பிட்டேன். அதற்கு மேல் இறங்கவில்லை.

ஆர்., ஐந்தோவன்

அன்புள்ள ஆர்.,

முதலில் நண்பர் விஷயம். அவர் டச்சுக்காரராக இருந்தும் இப்படிச் சொன்னதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் 1952-இல் முதன்முதலாக ஆல்ப் டுயெஸ் ஏறியபோது ஜெயித்தவர் இத்தாலியின் ஃபாஸ்டோ கோப்பி. அதன் பிறகு 1976-க்கும் 1989-க்கும் இடையில் மட்டும் அந்த உச்சியில் எட்டு முறை ஜெயித்தவர்கள் டச்சுக்காரர்கள். அதனால்தான் அதை "டச்சுக்காரர்களின் மலை" என்கிறார்கள். ஏழாம் எண் வளைவு டூர் நாளில் டச்சு ரசிகர்களின் ஆரஞ்சுச் சட்டையால் நிரம்பி வழிகிறது. குன்று என்று சொல்ல ஒன்றும் இல்லாத தேசத்திலிருந்து வந்தவர்கள்தான் அவர்கள் எல்லாருமே.

உங்கள் பந்தயத்திலேயே இன்னொரு உதாரணம் உண்டு. 2007-இல் அங்கே பெண்கள் பிரிவில் ஜெயித்தவர் இங்கிலாந்தின் கிரிஸ்ஸி வெலிங்டன். அதே வருடம் அக்டோபரில் ஹவாயில் அயர்ன்மேன் உலக சாம்பியனும் ஆனார். அவர் வளர்ந்தது நார்ஃபோக்கில், கண்ணுக்கெட்டிய தூரம் சமதரையான ஊரில். மலை ஏறப் பழகியது பிற்பாடு, நேபாளத்தில் வேலை பார்த்த காலத்தில். நீங்களோ கொல்லிமலைக்குப் பக்கத்து ஊர்க்காரர். தட்டை ஊர்க்காரன் என்ற பட்டத்தை எப்படி ஒத்துக்கொண்டீர்கள் என்று தெரியவில்லை.

எடை விஷயத்தில் நண்பர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அதை மழுப்ப மாட்டேன். ஏற்றத்தில் காற்றை எதிர்த்துச் செலவாகும் சக்தி சொற்பம், கிட்டத்தட்ட எல்லாமே புவியீர்ப்புக்குத்தான் போகிறது. உங்கள் எடை, சைக்கிள், தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்த்து 94 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆல்ப் டுயெஸ் ஏற்றம் 13.8 கிலோமீட்டர், சராசரிச் சரிவு 8 சதவீதத்துக்குச் சற்று மேல். அதில் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் போகவே உங்களுக்கு ஏறக்குறைய 200 வாட் வேண்டும். 65 கிலோ ஆளுக்கு 160 வாட் போதும். தட்டைச் சாலையில் உங்கள் பெரிய தொடை உங்களுக்குச் சாதகம், இங்கே அது சுமை. சரிதான். ஆனால் இது முதல் பத்து இடத்துக்குப் போட்டி போடுகிறவர்களின் கவலை. நீங்கள் இறங்கித் தள்ளியதற்கு இது காரணம் இல்லை. காரணம் உங்கள் கடிதத்தின் கடைசி வரியில், நீங்கள் சும்மா போகிற போக்கில் எழுதிய சைக்கிள் விவரத்தில், அதாவது கியரில் இருக்கிறது.

கணக்குப் பார்ப்போம். அந்த ஏற்றத்தின் வளைவுகளுக்கு மேலிருந்து கீழாக எண். அடியில் 21, உச்சியில் 1. ஒவ்வொரு பலகையிலும் அங்கே ஜெயித்தவர்களின் பெயர். மிகச் செங்குத்தான பகுதி அடியில்தான் இருக்கிறது. பூர்க் துவாசான் ஊரைத் தாண்டியதும் மூச்சு விடக்கூட நேரம் தராமல் ஆரம்பித்து, லா கார்ட் ஊர் வரை 10 சதவீதத்துக்குக் குறையாது. நீங்கள் இறங்கிய இடம் அதுதான். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டிவிட்டு வந்த காலில் 160 வாட் மிச்சமிருந்தது என்று வைத்தால், அங்கே உங்கள் வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர். அதாவது நிமிடத்துக்கு 100 மீட்டர். முன்னால் 36 பல், பின்னால் 28 பல் (உங்களிடம் இருப்பதிலேயே லேசான கியர் அதுதான்) போட்டால் பெடலை ஒரு சுற்று சுற்றுவதற்கு சைக்கிள் 2.7 மீட்டர் போகும். ஆக நிமிடத்துக்கு 37 மிதி. அது ஒவ்வொரு மிதிக்கும் ஒற்றைக் காலில் படி ஏறுவது போலத்தான். எந்தக் காலும் கழலத்தான் செய்யும். முன்னால் 34, பின்னால் 34 இருந்திருந்தால் அதே வேகத்துக்கு 47, 48 மிதி. அதுவும் சுகம் இல்லை, ஆனால் இறங்க வேண்டியிருந்திருக்காது. மண்சாலைக்கான கிராவல் சைக்கிள்களுக்கு வருகிற 30 பல் செயின்ரிங் (முன் பல்சக்கரம்) போட முடிந்தால் இன்னும் நல்லது.

மிதிக்கக் கடினமான கியர் வைத்திருப்பது கௌரவம் என்று அமெச்சூர்கள் நடுவில் ஒரு நினைப்பு ஓடுகிறது. கடைக்காரர்களும் அதற்குத் தூபம் போடுகிறார்கள். தொழில்முறை வீரர்களே இப்போது செங்குத்தான நாட்களில் பின்னால் 34 பல் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அவர்களில் பாதி சக்தி உள்ள நாம் 28 பல்லை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன காட்டப்போகிறோம்?

இரண்டாவது, முதல் மலையில் வைத்த அந்த 230 வாட். உங்களால் ஒரு மணி நேரம் முழு மூச்சில் கொடுக்க முடிவதே 240 வாட் பக்கம்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். தட்டையில் 5 மணி 40 நிமிடம் என்ற கணக்கு அப்படித்தான் சொல்கிறது. நீந்திய வெர்னே ஏரியிலிருந்து கிளம்பி ரோமான்ஷ் பள்ளத்தாக்கில் இறங்கும் சாலை இருக்கிறதே, அது பொல்லாதது. லேசான சரிவு, நல்ல தார், சுற்றிலும் ஆட்கள், காலில் நீச்சல் முடித்த புது ரத்தம். எல்லாரும் பறப்பார்கள். அந்தச் சூட்டிலேயே சேஷிலியேன் ஊரில் திரும்பி, முதல் மலையான ஆல்ப் துய் கிராண்ட் சேர் ஏற்றத்துக்குள் நுழைந்துவிடுவீர்கள். 15 கிலோமீட்டரில் ஆயிரம் மீட்டர் ஏற்றம். அங்கே நீங்கள் தாண்டிப் போன ஆட்களில் எத்தனை பேர் பிற்பகலில் உங்களைத் தாண்டினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 185 வாட்டில் போயிருந்தால் அந்த மலையில் கால் மணி நேரம் பின்தங்கியிருப்பீர்கள். அதில் பெரும்பகுதி கடைசி ஏற்றத்திலேயே திரும்பி வந்திருக்கும், மிச்சம் ஓட்டத்தில். நடுவில் வரும் கோல் தொர்னோன் சாதுவான மலை, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சாப்பாடு. ஐந்து ஜெல் என்றால் அதிகபட்சம் 125 கிராம் மாவுச்சத்து. சைக்கிளில் மட்டும் ஏழு மணி நேரத்துக்கு அருகில் இருந்திருக்கிறீர்கள். மணிக்கு 60 கிராமாவது உள்ளே போயிருக்க வேண்டும், பழகிய வயிறு என்றால் 80, 90 கூடப் போகலாம். தசையிலும் கல்லீரலிலும் சேமிப்பு இருப்பது சுமார் 2,000 கலோரிதான். அது தீர்ந்த இடத்தில்தான் மூன்றாவது வளைவு வந்தது. மலைப் பந்தயத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஏறும்போது மூச்சு வாங்கும், மெல்ல முடியாது. இறங்கும்போது இரண்டு கையும் பிரேக்கில். ஆகச் சாப்பிட வாய்ப்புள்ள இடங்கள் குறைவு. பள்ளத்தாக்கின் அந்தத் தட்டை வழியும், ஏற்றத்தின் முதல் சில கிலோமீட்டரும், கோல் தொர்னோன் இறங்கிய பிறகு பூர்க் துவாசான் வரையான கொஞ்ச தூரமும்தான். பசியே இல்லாத நேரத்தில் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டும். அதோடு இந்தப் பந்தயம் காலை ஒன்பது மணிக்கு மேல்தான் தொடங்குகிறது. கடைசி ஏற்றத்துக்கு வரும்போது ஜூலை மாதத்துப் பிற்பகல் வெயில் அந்தப் பாறைச் சுவரில் முழுதாக அடிக்கும். சூடான வயிறு ஜெல்லைத் திருப்பி அனுப்பியதில் ஆச்சரியம் இல்லை. பாதியையாவது பாட்டிலில் கரைத்துக் குடியுங்கள்.

ஓட்டத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. 1,850 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே 20 கிலோமீட்டரை, அந்த நிலைமையில், முடித்திருக்கிறீர்கள். தள்ளிய மூன்று இடம் நினைவில் நிற்கிறது, இது நிற்கவில்லை. மனசு அப்படித்தான் போலிருக்கிறது. தள்ளுவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. மணிக்கு 6 கிலோமீட்டரில் மிதிப்பதற்கும் 5 கிலோமீட்டரில் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம் நூறு மீட்டருக்கு 12 விநாடி. விதிப்படியும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது குற்றமில்லை.

5 மணி 40 நிமிடத்தையும் பத்தரை மணியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதையும் விடுங்கள். ஒன்றில் ஏற்றமே கிடையாது. மற்றதில் சுமார் 118 கிலோமீட்டருக்குள் 3,200 மீட்டர் ஏற்றம்.

அடுத்த வருடம் போகலாமா என்றால், போங்கள். ஆனால் ஐந்தோவன் சாலைகளில் இன்னும் அதிக கிலோமீட்டர் ஓட்டுவது பெரிதாக உதவாது. நெதர்லாந்தின் கவ்பெர்க் ஏற்றம் உங்களுக்குப் பக்கம்தான், ஆனால் ஒரு கிலோமீட்டர் சொச்சத்தில் முடிந்துவிடும் மேடு. அதை எத்தனை முறை ஏறினாலும் தொடர்ந்து ஒன்றரை மணி நேரம் ஒரே மாதிரி மிதிப்பதற்கு ஈடாகாது. அதற்கு வீட்டுக்குள் டிரெய்னரில் (சைக்கிளை நிறுத்திவைத்து மிதிக்கும் கருவி) உட்கார்ந்து நீண்ட நேரம், நிமிடத்துக்கு 55, 60 மிதியில் பழகுவதுதான் வழி. சலிப்பான வேலை, வேறு குறுக்குவழி எனக்குத் தெரியாது. எதிர்காற்று நாட்களும் கொஞ்சம் உதவும்.

டிரெய்னரில் கிடைக்காத ஒன்று இறக்கம். கிராண்ட் சேர் இறக்கத்தில் பயந்து பிரேக்கைப் பிடித்தே வந்திருந்தால் தோளும் கையும் இறுகி, அதிலேயே பாதி ஆள் களைத்துவிடுவார். அதற்கு நிஜ மலைதான் வேண்டும். டிசம்பரில் ஊருக்கு வருவீர்கள் அல்லவா? காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு. ஆல்ப் டுயெஸில் இருப்பது இருபத்தொன்றுதான். விடிந்தும் விடியாமல் கிளம்பினால் பஸ் தொந்தரவு குறைவு. ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் வையுங்கள்: வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல், கண்ணை வெளியேறும் பக்கம் வைத்து. எதிரே வண்டி சாலையின் நடுவில் வரும் என்றே எண்ணிக்கொண்டு ஓட்டுங்கள், நம் ஊரில் வரத்தான் செய்யும். கிளம்புமுன் பிரேக் கட்டையைப் புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள். அந்த 28 பல் கேசட்டையும் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) அப்போதே கழற்றிவிடலாம், கொல்லிமலைக்கும் அது ஆகாது.