பிறப்புறுப்பில் வலியோடு வீக்கம்: சூட்டுக்கட்டிதானா?

காரைக்குடிப் பக்கம், வயது 34, பிறப்புறுப்பின் ஒரு ஓரத்தில் நெல்லிக்காய் அளவு வீக்கம், உட்கார முடியவில்லை, அப்பத்தா சூடு என்று விளக்கெண்ணெய் தடவச் சொல்கிறார், சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எண்ணெயை விடுங்கள், டாக்டரிடம் போங்கள். யோனி வாயிலின் இருபுறமும், அங்கே ஈரப்பசை தரும் பார்தோலின் என்ற சின்னச் சுரப்பிகள் உண்டு. அவற்றின் குழாய் அடைத்தால் நீர்க்கட்டி வரும், பெரும்பாலும் வலிக்காது. கிருமி புகுந்து சீழ் பிடித்தால்தான் இப்படி உட்கார விடாமல் படுத்தும். ஆனால் முடி வேரில் வரும் கொப்புளமும், சில சமயம் குடலிறக்கமும்கூட அங்கே வீங்கலாம். பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் வேண்டவே வேண்டாம்.

காரைக்குடி அரசு மருத்துவமனைக்குக் காலையிலேயே போய் ஓபி சீட்டுப் போடுங்கள். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம், தப்பில்லை. எத்தனை நாளாக, காய்ச்சல் உண்டா, சுகர் உண்டா, கர்ப்பமா என்பதைச் சொல்லுங்கள். பால்வினை நோய்ப் பரிசோதனை எழுதினால் கோபப்படாதீர்கள். அது சந்தேகம் இல்லை, வழக்கம்.

சீழ் என்றால் மரத்துப்போக ஊசி போட்டுக் கீறி எடுப்பார்கள். திரும்ப அடைக்காமல் இருக்கச் சின்னக் குழாய் ஒன்றைச் சில வாரம் உள்ளே விடுவதும் உண்டு. அதுவரை வெதுவெதுப்பான நீரில் 10, 15 நிமிடம், தினம் மூன்று நான்கு முறை இடுப்பளவு உட்காருங்கள். பிதுக்கவோ ஊசியால் குத்தவோ கூடாது.

40 வயதுக்கு மேல் புதிதாகக் கட்டி வந்தால் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்யச் சதைப் பரிசோதனையும் (பயாப்சி) கேட்பார்கள். குளிர்காய்ச்சல் வந்தாலோ சிவப்பு தொடைப் பக்கம் பரவினாலோ ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குக் கிளம்பிவிடுங்கள்.