தாத்தாவின் ஒற்றைக் காலுறை

அன்புள்ள அக்கா,

என் மகளுக்கு ஆறு வயது. அடுத்த மாதம் தொடக்கநிலை 1க்குப் போகிறாள். மூன்று வருடமாக, கிறிஸ்துமஸ் தாத்தா எழுதுவதுபோல் அவளுக்குத் தமிழில் கடிதம் எழுதி வாசித்துக் காட்டுகிறேன். போன முறை பாதியிலேயே எழுந்து பரிசைப் பிரிக்கப் போய்விட்டாள். ஆங்கிலத்தில் எழுதினால் கேட்பாள் என்கிறார் மனைவி. கடிதத்தைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

ஒரு வாசகர், ஈசூன்

அன்புள்ள தம்பி,

படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். தமிழ்மேல் குற்றமில்லை. பன்னிரண்டு வரிக் கடிதத்தில் ஏழு வரி புத்திமதி: நன்றாகப் படி, காய்கறி சாப்பிடு, சொல்வதெழுதுதலுக்குத் தயாராகு. இதையெல்லாம் அவள் தினமும் உங்கள் வாயால் கேட்கிறாள். தாத்தாவும் இதையே சொன்னால் எந்தப் பிள்ளை உட்காரும்?

ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் 1920 முதல் 1943 வரை தம் நான்கு பிள்ளைகளுக்கு இப்படி எழுதினார். அவர் மறைந்தபின் 1976இல் அந்தக் கடிதங்கள் நூலாக வந்தன. 1925 கடிதத்தில், தாத்தாவின் தொப்பி காற்றில் பறந்து வட துருவக் கம்பத்தின் உச்சியில் மாட்டிக்கொள்கிறது. வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் பனிக்கரடி ஏறுகிறது. கம்பம் முறிந்து கூரைமேல் விழ, அந்த ஓட்டை வழியே கரடி சாப்பாட்டு அறைக்குள் விழுகிறது. கூரைப் பனி உருகி, பரிசுகள் வைத்திருந்த நிலவறைவரை ஓடுகிறது. அப்புறம் என்ன ஆனது என்று தெரியாமல் எந்தக் குழந்தையாவது எழுந்து போகுமா?

நமக்குப் பனி இல்லை, புகைபோக்கி இல்லை. சரி, டிசம்பர் மழை இருக்கிறதே. என் மகள் சின்னவளாக இருந்தபோது எழுதியதைச் சொல்கிறேன். தாத்தா எங்கள் புளோக்குக்கு வந்த இரவு நல்ல மழை. மின்தூக்கி வேறு பழுது. பதினொரு மாடி ஏறி வந்தவர், நனைந்த சிவப்புக் காலுறைகளைச் சமையலறைக்கு வெளியே மூங்கில் கழியில் காயப்போட்டார். காற்றில் ஒன்று பறந்துவிட்டது. "கண்ணில் பட்டால் எடுத்து வை கண்ணு" என்று முடித்தேன்.

காலையில் பல்கூடத் துலக்கவில்லை. டார்ச் விளக்கோடு கீழே இறங்கிவிட்டாள். செடிகளுக்குள், சைக்கிள்களுக்கு அடியில், குப்பைத்தொட்டிக்குப் பின்னால் என்று எங்கும் தேடினாள். மேலே வந்ததும் யாரும் சொல்லாமலே ஒரு தாளை எடுத்து, "தாத்தா கால் உரை கிடைகல. அப்பாவோடது தரேன்" என்று எழுதினாள். தாத்தாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்று நான் முதல் கடிதத்திலேயே சொல்லி வைத்திருந்தேன். ஒரு எழுத்தைக்கூடத் திருத்தாமல் அந்தத் தாளை இன்றும் வைத்திருக்கிறேன்.

உங்கள் மனைவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டோல்கீனின் பனிக்கரடி கடிதத்தின் ஓரங்களில், தடித்த பாதத்தால் எழுதியதுபோல் பட்டை எழுத்தில் குறிப்பு எழுதும். தாத்தாவின் கையெழுத்தோ நடுங்கும். உங்கள் கடிதத்திலும் ஓரத்தில் எழுத இன்னொருவர் வேண்டும், அது அவராகவே இருக்கட்டும். நீங்கள் இடது கையால் எழுதுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடுவாள். டோல்கீன் அஞ்சல்தலையையும் தானே வரைந்தார். நீங்கள் உண்மையான அஞ்சல்தலையை ஒட்டி இந்த வாரமே தபாலில் போட்டுவிடுங்கள். கடிதம் வரும் நாளில் தபால் பெட்டிச் சாவியை அவள் கையில் கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா